பொம்மை இருக்கு, பேச்சைக் காணோம்!

தஞ்சாவூர் போய்விட்டு வருகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? ஒரு தலையாட்டி பொம்மை. கொஞ்சம் கையில் காசு இருந்தால் தஞ்சாவூர்த் தட்டு. இன்னும் கொஞ்சம் இருந்தால் தங்க ரேக்கு ஒட்டிய வெண்ணெய்க் கிருஷ்ணர். மூன்றுக்குமே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. சந்தோஷம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குக்கூட 2022ல் கிடைத்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

எல்லாம் கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற சமாசாரம் என்பதைக் கவனியுங்கள். நாகஸ்வரம் என்கிற மரக் குழாய்க்கு முத்திரை குத்தியாகிவிட்டது. அந்தக் குழாயில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஊதிய தோடி எங்கே இருக்கிறது, யார் வீட்டுப் பரணில் இருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறதா, உடைந்துவிட்டதா? அதைக் கேட்க நாதி கிடையாது.

நம்மிடம் பொம்மையை வாங்குகிற புத்தி இருக்கிறது. பேச்சைப் பத்திரப்படுத்துகிற புத்தி இல்லை. இந்த வாரம் சண்டை அதைப் பற்றித்தான்.

பேசும் பொம்மை என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காவிரிக் கரையிலேயே உண்டு. பொம்மலாட்டம். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் கோயில் திருவிழாவுக்குத் திருவிழா நடந்த ஆட்டம். நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை எடை. பொம்மையின் கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, கைகளுக்கு மட்டும் கம்பி கொடுத்து ஆட்டுவார்கள். திரைக்குப் பின்னால் நின்று ஹரிச்சந்திரனாக அழுவதும் சந்திரமதியாகப் புலம்புவதும் மனிதக் குரல்.

இன்றைக்கு அந்தப் பழைய மரப்பொம்மைகளுக்கு ஏக கிராக்கி. நட்சத்திர ஹோட்டல் லாபியில் தொங்குகின்றன. மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. கார்டு எழுதி வைத்திருக்கிறார்கள்: மரம், துணி, இத்தனாவது நூற்றாண்டு. சரி, அது என்ன பேசியது? எந்தக் குரலில் பேசியது? கார்டில் அந்த வரி மட்டும் இருக்காது. பேச்சைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டையை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம். சவத்துக்குப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தியதுபோல.

இதே கதைதான் கிராமபோனுக்கும். நம் தாத்தாக்கள் அதைப் 'பாட்டுப் பெட்டி' என்றார்கள். 'நாய் மார்க் பெட்டி' என்றார்கள். இன்றைக்கு கிராமபோன் யாருக்கு வேண்டும்? இன்டீரியர் டெக்கரேட்டருக்கு வேண்டும். பித்தளைக் குழல் பளபளக்க வேண்டும். சோபா கலருக்கு மேட்ச் ஆக வேண்டும். பாடாவிட்டால் பரவாயில்லை.

இதில் ஒரு கூத்து. டூரிஸ்ட்டுகளுக்காக விற்கிற 'ஆன்டிக்' கிராமபோன்களில் பெரும்பாலானவை நம் நாட்டிலேயே புதிதாகச் செய்தவை. எங்கோ கழற்றிய பழைய மோட்டார், புது மரப்பெட்டி, புதுப் பித்தளைக் குழல், மேலே ஒரு நாய் ஸ்டிக்கர். வெளிநாட்டு கலெக்டர்கள் இதற்கென்றே 'க்ராப்போஃபோன்' என்று ஒரு கெட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி வந்து, சாம்பிள் பார்க்கலாம் என்று ஒரு நிஜமான பழைய தட்டைப் போட்டு, மழுங்கின ஊசியை மேலே வைத்தால் போச்சு! எண்பது வருஷம் தாக்குப்பிடித்த குரலை எட்டு நிமிஷத்தில் உழுதுவிடலாம்.

வணிகவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று தெரியும். ஒரு மெஷினை வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வரவேண்டும். இசைத்தட்டு அளவுக்கு அந்தப் பாடத்தை விளக்கும் பொருள் வேறு கிடையாது. எஃகு ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்னும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றச் சொன்னார்கள். சிக்கனக்கார மாமாக்கள் ஒரே ஊசியில் பத்துப் பாட்டு கேட்டார்கள். விளைவு, ஊரே கொண்டாடிய தட்டுதான் அதிகமாகத் தேய்ந்து கிடக்கிறது. யாரும் சீண்டாத தட்டு புத்தம்புதுசாக இருக்கிறது.

தட்டின் சரக்கும் அப்படி. அரக்குப் பூச்சியின் அரக்கு, கல்பொடி, கரி. அவ்வளவுதான். கைதவறினால் அப்பளம். டெல்டாவின் ஈரத்தில் வைத்தால் பூஞ்சை. உறையை எலி பார்த்துக்கொள்ளும். 2018ல் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது எத்தனை பரண்கள் நனைந்தன என்று யாராவது கணக்கெடுத்தார்களா? தென்னைக்குக் கணக்கெடுத்தோம், நியாயம். பரணுக்கு எந்த இலாகா?

'பழைய தட்டில் அப்படி என்ன சார் இருக்கிறது?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1902ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அடுத்த சில வருஷங்களில் தென்னாட்டுக் குரல்களும் தட்டுக்கு வந்தன. வாங்கோ வாங்கோ என்று நம் பெரிய வித்வான்கள் ஓடிப்போய்ப் பாடினார்களா? இல்லை. குழலுக்குள் பாடினால் குரல் போய்விடும், ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. காபி கிளப்பில் கண்டவனும் தன் பாட்டைக் கேட்பானே என்று கௌரவம் பார்த்தவர்கள் உண்டு.

துணிந்து போய் நின்றவர்கள் பெண்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மா, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். தேவதாசி மரபில் வந்த பெண்கள். மேடையில் மரியாதை தர யோசித்த சமூகம் அது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் இதே நாகரத்தினம்மாதான். அந்தச் சன்னிதியிலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் தனியாகப் 'பெண்கள் கட்சி' ஆராதனை நடத்தித்தான் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துத் தட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே சொல்வார். மூலத்தகடு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே இருக்கிறவனுக்குக் கோதாவரியும் தெரியாது, கௌஹர் ஜானும் தெரியாது. லேபிள் மாறிவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு. 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது.

ஏற்பாடு வியாபாரத்துக்காகச் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கச்சேரிப் பத்திரிகையில் பெயர் போடத் தயங்கிய காலத்தில், தன் பெயரைத் தன் வாயால் சொல்லி உலகத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தட்டைத்தான் நாம் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

இன்னொன்று. வீணை தனம்மாள். தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிப் பாடிய பரம்பரையில் வந்தவர். பாலசரஸ்வதிக்குப் பாட்டி. அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய பெரிய வித்வான்கள் வாய்பொத்தி உட்கார்ந்திருப்பார்கள். 1932ல் கொலம்பியா கம்பெனி அவரை ஒரு சில தட்டுகளில் பிடித்தது. 1938ல் அவர் போய்விட்டார். அந்த விரல் எப்படிப் பேசியது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு சில தட்டுகள்தான் கதி.

எஸ்.ஜி. கிட்டப்பா? டெல்டா முழுக்க நாடகக் கொட்டகைகளை அதிரவைத்த குரல். 1933ல் இறந்தபோது வயது 27. சினிமாவில் நடிக்கவில்லை. தட்டு இல்லை என்றால் கிட்டப்பா வெறும் வதந்தி. 'அப்படிப் பாடுவாராம்' என்று சொல்லிக்கொண்டிருப்போம். 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸு'க்கு அந்தக் கதிதான் வந்தது. படத்தின் பிரதியே இன்று கிடையாது. முதல் பேசும்படம் ஊமையாகிப்போன நாடு சார் நம்முடையது!

இப்போது ஒரு வெளிநாட்டுப் பொம்மைக் கதை.

1890ல் தாமஸ் எடிசன் ஒரு பேசும் பொம்மையை விற்பனைக்கு விட்டார். 22 அங்குல உயரம். பீங்கான் தலை, தகர உடம்பு. உடம்புக்குள் குட்டி ஃபோனோகிராஃப், அதில் மெழுகு உருளை. முதுகில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டு பாடும். குறைந்த விலையே பத்து டாலர். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிக்கு ஏறக்குறைய இரண்டு வாரச் சம்பளம். பொம்மை படுதோல்வி. மெழுகு தேய்ந்தது, உடைந்தது. குரல் பேய் மாதிரி கீச்சிட்டது. சில வாரங்களிலேயே கடையை மூடிவிட்டார்கள்.

பாடியது யார்? தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்கள். நகல் எடுக்க வசதி இல்லாததால் ஒவ்வொரு உருளைக்கும் தனித்தனியாகக் கத்திப் பாடினார்கள். பெயர்கள் இல்லை. நம்மூர் கோதாவரி மாதிரி கடைசியில் பெயர் சொல்லவும் யாரும் சொல்லித்தரவில்லை.

தப்பிய சில பொம்மைகள் கலெக்டர்கள் கையில் சிக்கின. ஒரு அமெரிக்கத் தம்பதியிடம் இரண்டு இருந்தன. கைப்பிடியைச் சுற்றினால் உருளை நாசமாகிவிடும் என்று பல வருஷம் சுற்றாமலே வைத்திருந்தார்கள். பிறகு பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஊசியே படாமல், காமிராவால் பள்ளத்தைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து கம்ப்யூட்டர் மூலம் சத்தத்தை எடுப்பது. அந்தத் தம்பதி உருளைகளைக் கொடுத்தார்கள். 2015ல் எடிசன் நினைவகம் அந்தக் குரல்களைப் பொதுமக்களுக்கு இலவசமாக வெளியிட்டது. நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பெண்கள் பேசினார்கள்.

கலெக்டர் கொடுத்தார், விஞ்ஞானி எடுத்தார், அரசாங்கம் வெளியிட்டது. அவர்களுடைய பொம்மை இப்போதும் அவர்களிடமே இருக்கிறது. யாருக்கும் பத்துப் பைசா நஷ்டமில்லை. விற்காமல் போன ஒரு விளையாட்டுப் பொம்மைக்கே அங்கே இந்த மரியாதை. தனம்மாளுக்கு இங்கே என்ன மரியாதை?

நம் கலெக்டர்களிடம் வருகிறேன். முதலில் ஒரு கும்பிடு. சர்க்கார் தூங்கிக்கொண்டிருந்தபோது காயலான் கடையிலும் மூர் மார்க்கெட்டிலும் அலைந்து, சொந்தக் காசைப் போட்டுத் தட்டுகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல் எழுதினார், பேசினார், கேட்க வைத்தார். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த புத்தகக் கடல்தான் 1994லிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. 2011ல் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் பழைய தட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்தது. இவர்கள் எல்லாம் சேர்ப்பவர்கள்.

இன்னொரு ஜாதி இருக்கிறது. அவர்கள் சேர்ப்பவர்கள் இல்லை, பதுக்குபவர்கள். 'என்கிட்ட ஒரு தட்டு இருக்கு, உலகத்துலேயே இன்னொண்ணு கிடையாது' என்பார்கள். சரி ஐயா, கேட்கலாமா? 'அதெல்லாம் முடியாது.' பதிந்து வைத்துக்கொள்ளலாமா? 'அப்புறம் இதுக்கு என்ன மதிப்பு?' இவர்கள் வைத்திருப்பது இசை இல்லை, அரிசி மூட்டை. விலை ஏறட்டும் என்று குடோனைப் பூட்டியிருக்கிறார்கள். அரிசியைப் பதுக்கினால் உள்ளே போட சட்டம் இருக்கிறது. குரலைப் பதுக்கினால் 'ரசிகமணி' என்று சால்வை போடுகிறோம்.

'என் காசு, என் தட்டு' என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். தட்டு உங்களுடையது. யாரும் பிடுங்கவில்லை. ஆனால் குரல்? நம் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம்தான் உரிமை. 1960க்கு முன் வெளியான தட்டில் பதிந்த ஒலி இன்று பொதுச்சொத்து. பாட்டு எழுதியவரின் உரிமை தனிக்கணக்கு என்பது வாஸ்தவம். தியாகராஜர் கிருதிக்கும் தோடி ஆலாபனைக்கும் அந்தச் சிக்கலும் இல்லை. ஆக, பெட்டி உங்களுடையது, உள்ளே இருப்பது ஊருடையது. கோயில் நகை தர்மகர்த்தா வீட்டில் இருந்தால் அது அவர் பெண்டாட்டி நகையாகிவிடுமா?

அடுத்து சர்க்கார். 1954ல் ஒரு சட்டம் போட்டோம். இந்தியாவில் எந்தப் புத்தகம் வெளியானாலும் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பின்னால் பத்திரிகையையும் சேர்த்தார்கள். ஒலிப்பதிவைச் சேர்க்கவில்லை. பிரான்சில் 1925லேயே சேர்த்துவிட்டார்கள். நூறு வருஷமாகிறது! ஒரு மட்டமான கோனார் நோட்ஸுக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு இல்லை. 1972ன் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயது கேட்கிறது. முதல் தலைமுறைத் தட்டுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனாலும் ஏர்போர்ட்டில் வெண்கலச் சிலையைத் தேடுகிற அளவுக்கு எந்த அதிகாரி தட்டைத் தேடப்போகிறார்?

இது தஞ்சாவூரில் நடப்பதுதான் வயிற்றெரிச்சல். சரஸ்வதி மகால் இருக்கிற ஊர். செல்லரிக்கும் ஓலையை எண்ணெய் தடவி, துணியில் கட்டி, பட்டியல் போட்டு வைத்த ஊர். சரபோஜி மன்னர் காசியிலிருந்துகூடச் சுவடி சேர்த்தார். 1918லிருந்து அந்த நூலகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஓலையைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு அரக்குத் தட்டைக் காப்பாற்றுவதா பெரிய காரியம்? சரஸ்வதி மகாலுக்குப் பக்கத்தில் ஒரு ஒலிச்சாலை. நாலு நல்ல மெஷின், ஏ.சி. போட்ட இரண்டு அறை, சுருதி தெரிந்த இரண்டு பையன்கள். வெளியே ஒரு போர்டு: 'உங்கள் தட்டைக் கொண்டுவாருங்கள். பதிந்துகொண்டு திருப்பித் தருகிறோம்.' ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

'அதான் யூ ட்யூப்பில் எல்லாம் இருக்கே' என்கிறீர்களா? இருக்கிறது. எப்படி இருக்கிறது? பாடியவர் பெயர் தப்பு. வருஷம் கிடையாது. லேபிள் நம்பர் கிடையாது. இரைச்சலை எடுக்கிறேன் என்று குரலின் தோலையும் சேர்த்து உரித்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வேகம். 78 சுற்று என்று பெயரே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78ல் பதிந்தவை அல்ல. 74ல் பதிந்த தட்டை 78ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். அந்த அம்மாள் பாடாத சுருதியில் அந்த அம்மாள் பாடுவதுபோலக் கேட்டுவிட்டு, 'அந்தக் காலத்துல எல்லாம் கீச்சுக்குரல்' என்று தீர்ப்பு சொல்கிறோம். போதாததற்கு, போட்டவர் ஒருநாள் கணக்கை மூடினால் எல்லாம் காலி.

கடைசியாக நீங்கள். தப்பிக்க முடியாது.

அக்ரஹாரத்து வீட்டையோ, பெரிய தெரு மாடி வீட்டையோ விற்கப் போகிறீர்கள். தேக்குத் தூணுக்கு ஆள் வந்து விலை பேசுகிறான். ஆச்சா மரம் இருந்தால் அதற்கும் ஆள் உண்டு. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு முற்றின பழைய மரம்தான் உசத்தி. அதே வீட்டுப் பரணில் கிடக்கிற நாகஸ்வரத் தட்டுக்கு மட்டும் ஆள் வரமாட்டான். எடைக்குப் போடாதீர்கள். சூடுகாட்டி வளைத்துப் பூந்தொட்டி செய்யாதீர்கள். சுவர்க் கடிகாரமும் வேண்டாம். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அடுக்கிப் போடாமல் நிற்க வையுங்கள். லேபிளையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ரோஜா முத்தையா மாதிரி ஒரு நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

தட்டே இல்லாத வீடு என்றாலும் வேலை இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நட மெஷின் வந்துகொண்டிருக்கிறது. இடுப்பொடிய நட்ட பெண்களுக்கு அது விடுதலை, வரட்டும். ஆனால் மெஷினுக்கு நடவுப்பாட்டு தெரியாது. அதைத் தெரிந்த கிழவிகள் இன்னும் திருவாரூர்ப் பக்கம், மன்னார்குடிப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற செல்போன் எடிசன் கனவிலும் பார்க்காத ஒலிப்பதிவு மெஷின். அதில் குட்மார்னிங் மெசேஜ் அனுப்பியது போதும். உட்கார்ந்து பதியுங்கள். முடித்ததும் அந்தக் கிழவியைத் தன் பெயரையும் ஊரையும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். கோதாவரி சொன்ன மாதிரி.

தலையாட்டி பொம்மையிடம் நல்லது சொன்னாலும் ஆட்டும், கெட்டது சொன்னாலும் ஆட்டும். இதைப் படித்துவிட்டு 'கரெக்டா எழுதியிருக்கான்' என்று நீங்களும் ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டலாம். அதற்கு முன் ஒரு தடவை அந்தப் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்களேன்.